ஒரு மணி நேரத் தாய்மாமன்

ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் வான்வழியே ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் தம்பி போன் செய்யும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அந்தத் தூரத்தை அவனே டேப் பிடித்து அளந்ததுபோலப் பேசுவான்.

ஆடிக் கிருத்திகையன்று என் மகனுக்குத் திருத்தணியில் மொட்டையடித்துக் காது குத்துவதாக மாமியாரின் வேண்டுதல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு, புகுந்த வீட்டார் முன்னால் எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான்.

"முந்தின நாள் ராத்திரியே ரயில் ஏறிடுடா. காலையில அரக்கோணத்துல எறங்கிடலாம்" என்றேன்.

"ராத்திரி பூரா யாருக்கா குலுங்கிகினு வருவாங்க? காலையில டிபன் இங்க, மத்தியானம் வடை பாயசம் அங்க" என்றான்.

விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே இறங்கிவிட்டது. அதையும் போன் செய்து பீற்றிக்கொண்டான். எங்கள் தலைக்கு மேலேயே பறந்து போனானோ என்னவோ. பக்கத்து அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளத்தின் ஓடுபாதைகூட இருக்கிறது. கடற்படைக்காரர்களுக்குத்தான் என் தம்பியின் அருமை தெரியவில்லை.

மீனம்பாக்கத்தில் காரில் ஏறியவன் திருவள்ளூர் தாண்டியதும் மாட்டிக்கொண்டான். சாலை முழுக்கக் காவடிக் கூட்டம், போலீஸ் தடுப்பு. கிருத்திகையன்று ஊருக்குள் கார் வராது என்பது திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மறந்துபோயிருக்கிறது. ஆகாயக் கணக்கு மட்டும் அத்துப்படி.

"வந்துகினே இருக்கேன்கா." எப்போது கூப்பிட்டாலும் இதே பதில்தான். நல்ல நேரம் முடியப்போகிறது. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த நாத்தனார், "ஏம்மா, உன் தம்பி மேலயே நின்னுட்டாரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தன் வீட்டுக்காரரின் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவும் சொன்னார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "யாரும் வேணாங்க. அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்க" என்று சொல்லிவிட்டு, நானே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

பந்தி முடிந்து இலை எடுக்கும்போது, தோளில் பையோடு வியர்த்து வழிந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தான்.

"ஃப்ளைட்டு முன்னாடியே எறங்கிடுச்சுக்கா."

"ஆங், அது வந்துடுச்சு. நீதான் வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மாமன் ஒரு தடவை தூக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பப் போனேன்.

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எழுப்பாதக்கா. இப்பவே கெளம்பினாத்தான் சாயங்கால ஃப்ளைட்டைப் பிடிக்க முடியும்."