விளக்கெண்ணெய் போத்தலும் மகளின் வயிறும்

தஞ்சோங் டாவாய் கடற்கரையில் கெராங் சிப்பி சாப்பிட்டது நாங்கள் மூன்று பேரும்தான். வயிற்றால் போனது ஐந்து வயது மகளுக்கு மட்டும். கெராங்கா, வழியில் வாங்கிக் குடித்த ஐஸ் தண்ணீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மனைவி விளக்கெண்ணெய் போத்தலை எடுத்தாள். நாங்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பள்ளி விடுமுறை வந்தால் லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதைக் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடுவார்கள். போன விடுமுறையில் மகளும் குடித்துக் குமட்டினாள். உள்ளே இருப்பது முழுக்க வெளியேறினால்தான் நிற்கும் என்றாள் மனைவி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பிள்ளை ஏற்கெனவே துவண்டு கிடந்தாள். அழுதாள், கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பயத்தில் போத்தலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பீடோங் கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டர் தமிழ்ப்பெண். போத்தலைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். கிருமிக்கு மெல்லிய மயிர் போன்ற பிடிகள் உண்டாம். அவற்றால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு அங்கேயே பெருகுமாம்.

"எண்ணெய் குடுத்துக் கழுவுனா அது போவாதுண்ணே. பிள்ளை ஒடம்புத் தண்ணிதான் போவும்."

பிறகு எப்படித்தான் போகும் என்று கேட்டேன். குடல் சுவரின் உள்தோல் தானாக உதிர்ந்து புதிதாக வளரும், ஒட்டியிருப்பதும் அதோடு போய்விடும் என்றார். அதுவரை உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் கண்ணீரும் வராதாம்; சாயங்காலமும் வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு தண்ணீர் ஓடியும் போகாதது, சுவர் உதிர்ந்தால் போகுமா? சுவரே உதிர்ந்தால் என் பிள்ளைக்கு உள்ளே என்ன மிஞ்சும்? எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் கரண்டி கரண்டியாக ஊட்டினோம். உள்ளே போனது வெளியே வந்தது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிறோமோ என்று மனைவி கேட்டாள். நான் அடுத்த கரண்டியை நீட்டினேன். பொழுது சாயும்வரை மகள் சிணுங்கினாள், கண் வறண்டேதான் இருந்தது. கார் சாவியை எடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைக்க மனைவி கைப்பையைக் காலிசெய்தபோது போத்தல் வெளியே வந்தது. தனக்குத்தான் ஊற்றப்போகிறோம் என்று நினைத்து மகள் வீறிட்டாள். கன்னத்தில் கோடாக வழிந்தது. மனைவி போத்தலைக் கீழே வைக்காமலே விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணுல தண்ணி வருதுங்க."

குடலுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சமாதானப்படுத்த வேண்டிய நாங்கள் இருவரும் அவளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.