ஒலிபெருக்கியில் நான் சொல்லாத சொல்

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது முல்லைத்தீவு நகரில் எனக்கு ஒரு சிறிய கடை இருந்தது. வானொலிப் பெட்டி திருத்துவேன். கல்யாண வீடு, செத்த வீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில், கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேவாலயத்தில், பூசையின்போது வேதவாசகம் வாசிப்பதும் நான்தான். குரல் நல்லது என்று சொல்வார்கள். அந்தக் குரலை நம்பித்தான் தேர்தல் வேலையும் என்னைத் தேடி வந்தது.

எங்கள் பக்கத்தில் சுயேச்சையாக நின்றவர் ஒரு வழக்கறிஞர். நாங்கள் அவரை ஐயா என்றே சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முள்ளியவளையில் குடியிருந்த சைவர். திருநீறு இல்லாத நெற்றியோடு அவரை யாரும் கண்டதில்லை. முந்திய வருடம் வலை இழுக்கும் இடம் பற்றிய ஒரு தகராறில் என் மைத்துனனும் எங்கள் கரையைச் சேர்ந்த இன்னும் சிலரும் மறியலுக்குப் போய்ச் சிறையில் இருந்தார்கள். ஐயா அந்த வழக்கைக் காசு வாங்காமல் பேசினார். நீதிமன்றத்துக்குள் அவர் போட்ட சத்தம் வெளியே மரத்தடியில் நின்ற எங்களுக்குக் கேட்டது. ஆட்களை வெளியே எடுத்துத் தந்துவிட்டு, "இனி ஒழுங்காத் தொழிலைப் பாருங்கோ" என்று எங்களையும் ஏசிவிட்டுத்தான் காரில் ஏறினார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

ஐயாவின் பழைய கார் ஒன்றின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, பின் இருக்கையில் பற்றறியையும் அம்பிளிபயரையும் வைத்துக்கொண்டு, தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் என்று ஊர் ஊராய்ப் போனோம். புழுதி தொண்டையை அடைக்கும். வெந்நீர் குடித்துக் குடித்துக் கத்துவேன். வயல் வரம்பில் நிற்பவர்கள் மண்வெட்டியை உயர்த்திக் காட்டுவார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மனைவிக்கு அப்போது முதற்பிள்ளை வயிற்றில். இரவு வீட்டுக்கு வந்தால் கொத்தமல்லி அவித்துத் தருவாள்.

"இஞ்சருங்கோ, உங்கட தொண்டை கட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஆர் வாசிக்கிறது?"

"அது கட்டாது."

"ஆறு நாள் ஒராளுக்குக் கத்துறியள். ஏழாம் நாள் மற்ற ஆளுக்கு மிச்சம் இருக்கிறதைக் குடுக்கிறியள்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஒட்டுசுட்டானில் பெரிய கூட்டம் நடந்த பின்னேரத்தில்தான் உறைத்தது. மேடைக்கு ஏறிய ஓர் இளைஞன் பிளேட்டால் பெருவிரலைக் கீறி, ஐயாவின் திருநீற்றுக்கு மேலே இரத்தப் பொட்டு வைத்தான். பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். ஒரு முதியவர் அவருடைய காலில் விழுந்து எழும்பவே மாட்டேன் என்று கிடந்தார். மேடைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் மயிர் கூச்செறிந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் கண் ஐயாவின் காலடிக்குப் போனது. அந்த முதியவர் கிடந்த கிடை நான் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்கு முன்னால் கிடக்கும் கிடை.

தேர்தல் வேலைகளைப் பார்த்தவர் ஐயாவின் ஒன்றுவிட்ட தம்பி. அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் அவர் ஒரு துண்டில் புதிய அறிவிப்பு எழுதித் தந்தார். 'எங்கள் மீட்பர் வருகிறார், எழுந்து நில்லுங்கள்' என்று இருந்தது. தண்ணீரூற்றுச் சந்தியில் மைக்கைப் பிடித்தேன். வாயில் "எங்கள் வேட்பாளர் வருகிறார்" என்றுதான் வந்தது.

தம்பியார் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, எழுதினது விளங்கேல்லையோ?"

"விளங்கினது அண்ணை."

"பிறகேன் மாத்தினனீர்?"

"அந்தச் சொல்லு நாங்கள் ஒராளுக்குத்தான் சொல்லுறது."

"ஓ, நீர் வேதக்காரன் என்ன. தம்பி, இது மேடை. கோயில் இல்லை. அடுத்த கூட்டத்தில எழுதினபடி வாசியும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லேலாது எண்டால் வேலையை விடுங்கோவன்."

"ஏன் விட? அவர் வெல்ல வேணும் எண்டுதானே எனக்கும் ஆசை."

"அப்ப ரெண்டும் உங்களுக்கு வேணும். அதை அவரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?"

அடுத்த நாள் சனிக்கிழமை. ஞாயிறு பூசைக்கான மன்றாட்டுகளை எழுதிக்கொண்டு போவது என் வழக்கம். நோயாளிகளுக்காக, கடலுக்குப் போகிறவர்களுக்காக, மழைக்காக. அந்தக் கிழமை ஐயாவின் வெற்றிக்காகவும் ஒன்று எழுதியிருந்தேன். எங்கள் சுவாமி என்னிலும் இளையவர். குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"இதுக்கு நான் எப்பிடி ஆமென் சொல்லுறது? நான் மற்ற ஆளுக்கெல்லோ வாக்குப் போடப்போறன்."

நானும் சிரித்துவிட்டேன்.

"வெற்றியை விடுங்கோ," என்றார். "அந்த மனிசனுக்கு என்ன தேவை எண்டு உங்களுக்குத்தானே தெரியும். கூடவே திரியிறியள். அதை எழுதுங்கோ. அதுக்கு நானும் ஆமென் சொல்லுவன்."

தேவாலயத்துக் கடைசி வாங்குப் பலகையில் இருந்து யோசித்தேன். ஐயாவுக்கு என்ன தேவை? கோபம் குறைய வேண்டும். கைதட்டலைக் கேட்டால் அவர் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அது போகாமல் இருக்க வேண்டும். இரவில் நெஞ்சு எரிகிறது என்று சோடா குடிப்பார். அதற்கும் சுகம் வேண்டும். எழுதிக்கொண்டு போகப் போக, இத்தனை நாளும் கார்க் கூரையில் கட்டிவைத்துக் கத்திய பெயர் ஒரு மனிதனாகிக் கீழே இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்ததுபோல் இருந்தது. அவரில் எனக்கு இருந்த அன்பு குறையவில்லை. கூடியது என்றே சொல்வேன். எனக்காக மற்றவர்கள் மன்றாடுவதுபோல இவருக்காக நானும் மன்றாடலாம், மன்றாடிவிட்டுப் போய் இவருக்கே வேலையும் செய்யலாம் என்று தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே முள்ளியவளைக்குச் சைக்கிளில் போனேன். ஐயா விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தம்பியார் ஏற்கனவே சொல்லியிருப்பார் போலும்.

"என்ன தம்பி, உமக்கு ஏதோ சொல்லு வாயில வரேல்லையாம்."

"ஓம் ஐயா."

"சனங்கள் ஒரு ஆசையில சொல்லுறது. அதில என்ன குறைஞ்சு போகும்?"

"எனக்குக் குறையும் ஐயா. நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் மறக்கேல்லை. வெயிலெண்டும் மழையெண்டும் பாக்காமல் உங்களுக்காகக் கத்துவன். ஆனால் நான் செத்தால் உங்களிட்டப் போகேலாதே."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் உமக்கு ஆர்?"

"நல்ல மனிசன். கோபக்காரன். பிழை செய்தால் வந்து கேக்கக்கூடிய ஆள்."

அவருடைய முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பிழை சொல்லத்தான் உமக்குக் கார் தந்து வைச்சிருக்கிறனோ?" என்று கேட்டவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று பின்னேரமே என் குழாய்களைக் காரிலிருந்து கழற்றி என் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டார்கள். வவுனியாவிலிருந்து வேறொரு ஒலிபெருக்கிக்காரன் வந்தான். மீட்பர் வருகிறார் என்று அவன் எங்கள் வீட்டு முன் ஒழுங்கை வழியாகவே கத்திக்கொண்டு போனான்.

எனக்கு வெட்கமும் துக்கமும். ஆனாலும் வாக்கு மாற மனம் வரவில்லை. துண்டுப் பிரசுரங்களை வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். படலையில் நின்று, வழக்குப் பேசிய கதையைச் சொன்னேன். அவர் கோபக்காரர் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்பிடியான ஆள்தான் அங்கை போய்க் கத்துறதுக்கு வேணும்" என்று எங்கள் கரையில் ஒரு மனுசி சொன்னாள்.

கடைசிக் கூட்டம் முல்லைத்தீவில் நடந்தது. நானும் மனைவியும் பின்னால் நின்றோம். வவுனியாக்காரன் வழமையான அறிவிப்பைச் செய்தான். ஐயா மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

"தம்பி, அந்தச் சொல்லை இனி விடும்," என்றார் அவனைப் பார்த்து. "என்னை மீட்பர் எண்டு என்ர வீட்டுக்காரியிட்டப் போய்ச் சொன்னால், அவா அகப்பையோட வருவா."

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. என் மனைவி என் கையைப் பிடித்து அமத்தினாள். அவர் என்னைத் தேடிப் பார்த்தாரா என்பது தெரியாது. கூட்டத்துக்குள் என்னைக் கண்டிருக்கவும் மாட்டார்.

ஐயா தோற்றார். கொஞ்ச வித்தியாசமுமல்ல, நன்றாகவே தோற்றார். முடிவு வந்த அடுத்த நாள், மனைவி ஐயாவுக்கென்று மீன்குழம்பு வைத்தாள். அவருக்கு மீன் ஆகாது என்று நினைவு வந்து, பிறகு கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். தேர்தல் நேரம் கார்களும் சைக்கிள்களும் நிறைந்து கிடந்த முற்றத்தில் இப்போது ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ஐயா எங்களைக் கண்டு சிரித்தார். சவரம் செய்யாத முகம்.

"நீர் உம்மட ஆண்டவரிட்ட எனக்காகக் கேட்டனீரோ?"

"கேட்டனான் ஐயா."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"சாப்பாடு மட்டும் அனுப்பினவராக்கும்," என்று சொல்லிப் பாணைப் பிய்த்தார். இரண்டு பேரும் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய மனைவி எங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றார்.

சில வாரங்களில் தெற்கில் கலவரம் மூண்டு தமிழர்களை அடித்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் லொறியிலும் பஸ்சிலும் எங்கள் வன்னிப் பக்கம் வந்து இறங்கின. கம்பளியைப் போர்த்தபடி, பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவாமி தேவாலய மண்டபத்தைத் திறந்துவிட்டார். கஞ்சி காய்ச்சுவதற்கு விறகு ஏற்றிக்கொண்டு முதல் வந்த கார், போன மாதம் என் குழாய்கள் இருந்த கார். ஓட்டிவந்தவர் ஐயா. அவரும் சுவாமியும் தேர்தலில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள். இப்போது ஒருவர் விறகு தூக்க மற்றவர் அடுக்கினார். பிரிந்துபோன உறவினர்களின் ஊரையும் பெயரையும் நான் குழாயில் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் அதுவரை அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

முத்தையன்கட்டுப் பக்கம் காட்டு நிலத்தில் அந்தக் குடும்பங்களைக் குடியேற்றுவதற்கு ஐயா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பதவி இல்லாதவர் என்று சிலர் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். நின்றார். கத்த வேண்டிய இடத்தில் கத்தினார். கத்தி ஒரு காரியத்தைக் கெடுத்துக்கொண்டபோது, நான் போய், "ஐயா, அது பிழை" என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் திரும்பப் போய்ப் பணிவாகக் கேட்டார்.

காடு வெட்டித் துப்புரவாக்கிய இடத்தில், மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் அவரைக் காட்டிக் கேட்டாள்.

"இவரு யாருங்க? மந்திரியா?"

"இல்லை அக்கா. தேர்தலில தோத்தவர்."

"தோத்தவருங்களா?" அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "அப்ப செயிச்சவரு வந்தா நாங்க மாளிகை கட்டிக்கலாமே."

அடுத்த வருடம் அவர்கள் அந்த நிலத்தில் கச்சான் கடலை போட்டார்கள். அறுவடைக்கு எங்களை வரச் சொன்னார்கள். சுவாமி மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் மனைவியையும் கைப்பிள்ளையையும் ஐயா ஓட்டிய காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவித்த கச்சானைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்த அதே பெண், எங்களைச் சாப்பிட விடாமல் பேசினாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, பஸ் வேண்டும்.

"நான் ஒரு பதவியும் இல்லாத ஆள், பிள்ளை," என்றார் ஐயா.

"அது எங்களுக்குத் தெரியுமுங்க. அதுக்காகச் சும்மா இருந்தா பஸ்சு வருமா? நீங்க போய்க் கேளுங்க. சாமியாரும் வரட்டும். நாங்களும் வாறோம்."

அந்தக் கிழமையே எல்லோருமாகப் பஸ் டிப்போவுக்குப் போனோம். திருநீறு பூசிய ஐயா, வெள்ளை அங்கி போட்ட சுவாமி, கச்சான் கடகத்தோடு அந்தப் பெண். நான் ஒலிபெருக்கி கொண்டுபோகவில்லை. தேவையும் இருக்கவில்லை, அவளுடைய குரலே போதுமாயிருந்தது. உடனே கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனோம்.

மாரி முடிந்த பிறகு ஒரு காலை பஸ் விட்டார்கள். முதல் நாள் ஓட்டத்தில் நாங்களும் ஏறினோம். சேற்றில் இரண்டு இடத்தில் புதைந்து, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஐயாவின் வேட்டி முழங்கால்வரை சேறு. கடைசி வளைவில் காடு விலகி, கிடுகு வேய்ந்த வீடுகள் தெரிந்தன. பஸ்சின் சத்தம் கேட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் றோட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.