பிளேட் போடாத எஞ்சின்

இருளப்பன் இறந்துவிட்டார் என்று ஓமானின் சோஹாரிலிருந்து போன் வந்தது. ராஸ் அல் கைமா ஒர்க்‌ஷாப்பில் எங்களோடு இருந்த மெஷினிஸ்ட். நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செய்தி சொன்னவர் அடுத்துக் கேட்டார்: "லோடர் எஞ்சினைக் கெடுத்துட்டுப் போனாரே, அவருதான?"

அவரை அறிந்தவர்களுக்காக, அந்தக் கேள்விக்காக, இதை எழுதுகிறேன்.

ஓர் ஆகஸ்ட் மதியம். இருளப்பன் பிக்கப் எஞ்சினின் பிளாக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி, போர்மேன் தேவராஜின் ஏசி அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். வெளியே இரும்பு கொதித்தது. அந்தச் சூட்டில் சிலிண்டரை அளந்தால் அளவு தப்பும்.

"யோவ், இது ஆபீஸ்யா."

"தெரியும் சார். நீங்க ஆறிக்கிட்டு இருக்கீங்கல்ல, அதுவும் கொஞ்சம் ஆறட்டும்."

பிளாக் மாலை வரை அங்கேயே இருந்தது.

இனி, குவாரியில் கல் அள்ளும் அந்த லோடரின் கதை. சிலிண்டரின் உட்சுவரை ஹோன் அடிக்குமுன், அதாவது சீராகத் தேய்க்குமுன், பிளாக்கின் தலையில் ஒரு கனத்த இரும்புத் தட்டை வைத்து முறுக்க வேண்டும். அதைத்தான் பிளேட் என்போம். பிறகு மூடியான ஹெட்டை முறுக்கும்போது சிலிண்டர் சற்று நெளியும். அந்த நெளிவை முன்பே வரவழைத்துத் தேய்த்தால்தான், ஓடும்போது வட்டமாக நிற்கும். அந்த வாரம் பிளேட் துபாய்க்கு இரவல் போயிருந்தது.

"பிளேட் இல்லாம ஹோன் அடி. குவாரில லோடர் கேக்குறான். யல்லா, சீக்கிரம்," என்றார் தேவராஜ்.

"இப்ப வட்டமா இருக்கும் சார். போல்ட் ஏத்தினா முட்டை."

மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் பிளேட் இல்லாமலே அடித்தார். அவர் செய்த பிழை அது. செய்த வேலையைப் பதியும் ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. "பிளேட் போட்டதா எழுதுப்பா," என்றார் தேவராஜ். எழுதினேன்.

இரண்டே மாதத்தில் லோடர் ஆயில் குடித்தது. நீலப் புகை. ஆபரேட்டர் ராசு எஞ்சினைச் சூடேற விட்டான் என்று முடிவு செய்தார்கள். அவன் விசாவை கேன்சல் செய்யக் காகிதம் தயாரானது.

இருளப்பன் மேனேஜரை ஒர்க்‌ஷாப்புக்கே அழைத்து வந்தார்.

"கார்டுல பிளேட் போட்டதா இருக்கு. நீ ஏன்யா வம்புக்குப் போற?" என்றார் தேவராஜ்.

"லோடர்ல கார்டா சார் ஓடுது?"

ஹெட்டைக் கழற்றி அளந்தார். ஏறக்குறைய வட்டம். திரும்பி வந்திருந்த பிளேட்டை வைத்து முறுக்கி மறுபடி அளந்தார். கேஜின் முள் விலகி நின்றது. மேனேஜரை அதைப் பார்க்க வைத்தார்.

"முட்டை. நான் அடிச்ச முட்டை. ராசு மேல போடாதீங்க."

அடிக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தேவராஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கலாஸ், முடிஞ்சுது," என்றார் மேனேஜர். ராசு தங்கினான். இருளப்பனுக்கு விசா கேன்சல்.

ரூமில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "எங்க பேரை ஏன்ணே சொல்லல?"

"என் தப்ப நான் சொன்னேன். உனக்கு வாய் இல்லையா மாப்ள?"

சமாதானமாக ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்று நன்றி.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். வாய் இருக்கிறது, அண்ணே. பிளேட் இல்லாமல் அடிக்கச் சொன்னது போர்மேன். போட்டதாக எழுதியது நான். ஒருவர் மட்டுமே ஒப்புக்கொண்டார். அவரை, எஞ்சினைக் கெடுத்தவர் என்று என் முன்னால் இனி யாரும் சொல்ல முடியாது.