கண்ணாடியில் ஒட்டிய கேமரா

கரியாலூரில் அருவிக்குப் போகும் சாலையோரம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. வி.ஆர். கண்ணாடியை முகத்தில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சனங்களுக்குக் கடலைக் காட்டுவது தொழில். மலையைப் பார்க்க வந்தவர்களுக்குக் கடல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்களும் வரிசையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அம்மாக்கள் மட்டும் உட்கார மாட்டார்கள். கணவனை உட்கார வைப்பார்கள், மாமனாரைக்கூட உட்கார வைப்பார்கள். தங்கள் முறை வந்தால், "இத மாட்டிக்கினா புள்ளைய யாரு பாத்துக்கிறது?" என்று இடுப்புக் குழந்தையை இன்னும் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே அப்பன்காரன் நிற்பான். அவனை ஒரு ஆளாகவே சேர்த்துக்கொள்வதில்லை. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அந்த எரிச்சல் முழுக்க அவர்கள்மேல் இல்லை. என் வீட்டிலும் அதே கதைதான்.

என் மகளுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தண்ணீர் பக்கமும் நெருப்புப் பக்கமும் தனியாக விடவேண்டாம் என்றார். தனியாக என்றுதான் சொன்னார். என் மனைவிக்கு விடவேண்டாம் என்பது மட்டும்தான் காதில் நின்றது. அன்றிலிருந்து, அருவிச் சத்தம் கேட்கும் ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைக்கு அருவி கிடையாது. ஓடையில் கால் நனைக்கக் கிடையாது. வீட்டுக் குளியல்கூட மணையில் உட்கார வைத்து, மக்கில் மொண்டு மொண்டுதான். மாத்திரையில் வலிப்பு குறைந்துவிட்டது, பள்ளிக்கூடமும் போகிறாள். அவள் அம்மாவின் பயம் மட்டும் குறையவில்லை. தூங்கும்போதும் ஒரு கை பிள்ளையின் நெஞ்சில் இருக்கும். நான் கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று: கடலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். பிள்ளைக்கு வலிப்பு வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், கண்ணாடியைத் துணியால் துடைத்து வைப்பாள், ஒருநாளும் அதை மாட்டிப் பார்த்ததில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

புதிதாக வரும் கண்ணாடிகளில் முன்பக்கம் கேமரா இருக்கிறது. மாட்டியிருப்பவர் கழற்றாமலே எதிரில் நடப்பதைப் பார்க்கலாம். என்னுடையது பழசு. உள்ளே போனால் வெளியே ஒன்றும் தெரியாது. நானே ஒரு சின்ன வெப்கேமராவை அதன் நெற்றியில் ஒட்டி, வயரை லேப்டாப்பில் செருகி, மல்லுக்கட்டினேன். கடைசியில் கடலும் கடையின் உள்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக, பாதி பாதி மங்கலாகத் தெரிந்தன. எதற்கு இது என்று கேட்டவர்களிடம், இனி அம்மாக்களும் உட்காருவார்கள் என்று சொன்னேன். நான் நினைத்தது ஒரு அம்மாவை மட்டும்தான்.

மேகம் இறங்கி, சுற்றுலாக்காரர் யாருமே வராத ஒரு பிற்பகலில் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பாப்பா உன் எதுக்கவே நிப்பா. கடலும் தெரியும், அவளும் தெரிவா. பாத்துக்கினே இரு."

"கண்ண மறைக்காதுங்களே?"

"மறைச்சா கயட்டிடு."

மாட்டிக்கொண்டாள். முதலில் தலை மகள் இருந்த பக்கமே நின்றது. "பாப்பா, அந்தாண்ட போவாத" என்றாள். பிறகு மெல்ல வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள். "எம்மாம் பெருசு" என்றாள், கோயிலில் பேசுவது மாதிரி. கண்ணாடிக்குக் கீழே பாதி முகம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாதியில் இத்தனை வருஷமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது.

அம்மா பார்க்கிறாள் என்ற சந்தோஷத்தில் மகள் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். மனைவிக்குத் தெரிந்தது லேப்டாப்பில் எனக்கும் தெரிந்தது. அலை ஒன்று எழுந்து வந்தது. பிள்ளையின் முழங்கால் வரை ஏறி, இடுப்பைத் தொட்டது.

"ஐயோ, பாப்பா தண்ணில நிக்கிதுங்க!"

நான் பிடிப்பதற்குள் பாய்ந்துவிட்டாள். நாற்காலி சாய்ந்தது, வயர் பிடுங்கிக்கொண்டது, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி தரையில் விழுந்தாள். ஓடிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. காய்ந்த சிமெண்டுத் தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளையின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவள் தினமும் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை நாள் அவளிடம் கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

மகளுக்கு அடி ஒன்றும் படவில்லை. என்ன நடந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது அவளுக்கு. புரிந்ததும், அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மா, அதுல நான் கடல்லயா நின்னுகினு இருந்தேன்?"

மனைவி தலையாட்டினாள்.

"நனைஞ்சனா?"

அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். மனைவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து, பொட்டு ஈரமில்லாத அந்தத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"நனைஞ்சிட்ட" என்றாள். "முழுசா நனைஞ்சிட்ட."