அருவிச் சண்டை கொஞ்சம் இழுவை

முதல் பாகம் ஒரு மன்னன் அருவிக்குள் குதிப்பதோடு முடிந்தது. அவன் தானாகக் குதித்தானா, யாராவது தள்ளிவிட்டார்களா, அருவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்றையும் சொல்லாமல், மிச்சத்தை இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் மூன்று வருஷம் காத்திருந்தோம். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை இருந்தது. இடையிடையே அதையும் பார்த்துக்கொண்டுதான் காத்திருந்தேன்.

அந்த அருவி எங்கள் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் இருப்பது. என் பள்ளியும் அங்கேதான். தினமும் காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய், சாயங்காலம் இறங்குவேன். அருவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வீசிவிட்டுப் போன பாட்டில்களும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் இருக்கின்றன. எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பதிலுக்கு மரியாதை கிடையாது. அங்கே திருநாவலூர்க்காரர் ஒருவர் மன்னனின் இரட்டைச் சகோதரன் அடியில் சிறையிருக்கிறான் என்றார். நான் அது பாதாளத்துக்குப் போகும் வாசல் என்று சொல்லி, படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, பல பகுதிகளாக எழுதித் தள்ளினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் நான் அவ்வளவு குறிப்பு எழுதிக் கொடுக்கவில்லை.

குழுவின் தலைவர் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் என் நண்பர். அவர் கொடுத்த தைரியத்தில்தான் நான் ஃபேஸ்புக்கில் சினிமா விமர்சனத்துக்கென்று தனிப் பக்கம் ஆரம்பித்தேன். "நம்ம மாவட்டத்துல மொத விமர்சனம் உன்னுதா இருக்கணும்டா" என்பார். மாவட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் சிலர். விமர்சனம் வேண்டும் என்று கண்டுபிடித்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்தப் படத்துக்காக இன்னொருவரும் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா. அவருக்குப் பாதாளமும் வேண்டாம், மன்னனும் வேண்டாம். அந்தப் படத்தில் அவருடைய வீட்டுக்காரர் இருந்தார்.

இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் படம் பிடித்தபோது, அசுரர் படைக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் மலையில் தேடினார்கள். உடம்பு இறுகின, கறுத்த ஆளாக வேண்டும் என்றார்களாம். சாமை விதைத்து, மரவள்ளி பிடுங்கி இறுகின உடம்புகள் மலையில் நிறைய இருந்தன. அக்காவின் வீட்டுக்காரருக்குத் தலையில் இரண்டு கொம்பு ஒட்டினார்கள். கழற்றி மாட்ட நேரமாகிறது என்று படப்பிடிப்பு நடந்த பதினோரு நாளும் கொம்போடுதான் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் வளர்த்த நாய் அவரையே வீட்டுக்குள் விடவில்லை. மன்னனின் ஈட்டி பாய்ந்து, அருவிப் பாறை மேலிருந்து கத்திக்கொண்டே தண்ணீரில் விழுவதுதான் அவருடைய காட்சி. "மூனு தபா செத்தேன் சார், மூனாவதுதான் நல்லா இருந்துச்சின்னாங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். முதல் பாகத்தில் அவர் வரவில்லை. அது இரண்டாம் பாகத்துக் காட்சி என்று கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார்.

போன வருஷம் மரவள்ளி மூட்டை ஏற்றப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

படப்பிடிப்பில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுவிட்டதால் கொம்போடு ஒரு படம்கூட இல்லை. வீட்டிலும் பட்டன் போன்தான். "வூட்ல மாட்டி வெச்சிருக்கறது ஆதாருக்கு எடுத்த போட்டோ சார். அதுல அவரு களவாணி மாதிரி முழிக்கிறாரு" என்றார் அக்கா. "அவரு நடக்கறத ஒருக்கா பாக்கணும் சார். கொரலும் கேக்குமில்ல?" கேட்கும் என்றேன். டிரெய்லர் வந்தபோது அதை என் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கொம்பு வைத்தவர்கள் கடுகு மாதிரி தெரிந்தார்கள். அக்கா ஒவ்வொரு கடுகாகத் தேடினார். படத்தில் பெரிதாக வருவார் என்று நான் அடித்துச் சொன்னேன்.

படம் வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு வருஷ திதி அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. "வருசம் திரும்பாம சினிமா கொட்டாய்க்குப் போனா நல்லாருக்காது சார். ஞாயித்துக்கெழம கும்புட்டுட்டு திங்கக்கெழம போறோம். மூனு நாளுல படம் எங்க ஓடிடப் போவுது?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படம் எங்கும் ஓடாது. அதைக் கத்தரித்துவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு என்று தலைமை ஆசிரியருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, முதல் காட்சிக்கு விடியும்போதே தியேட்டர் வாசலில் நின்றேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து பைக்கில் வந்த கூட்டம் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தது. மன்னனின் கால்வரைக்கும்தான் ஏணி எட்டியது. அதனால் பாதபூஜையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குள் வெளிநாட்டில் முந்தின நாளே பார்த்தவர்களின் தீர்ப்பு போனில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தீப்பிழம்பு எமோஜிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். படத்தைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் சொல்ல வரவில்லை. இன்னொருவர் டைட்டில் போடும்போதே படம் தேறாது என்று எழுதிவிட்டார். இப்படி ஆளுக்கொன்று சொன்னாலும் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். இரண்டாம் பாதியில் வரும் அருவிச் சண்டை இழுவை.

இடைவேளையில் நண்பர் என் தோளை உலுக்கினார். "போடுடா, போடுடா, சின்னசேலத்துக்காரன் எவனாவது முந்திக்கப் போறான்." நான் பாதிப் படம்தான் பார்த்திருந்தேன். விமர்சனம் முழுப் படத்துக்கும் எழுத வேண்டும். இதெல்லாம் ஒரு தடையா? பாப்கார்ன் வரிசையில் நின்றபடியே எழுதினேன். முதல் பாதி மிரட்டல். இரண்டாம் பாதியில் அருவிச் சண்டை கொஞ்சம் இழுவை. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தைக் கத்தரித்தால் படம் பிழைக்கும். ஐந்துக்கு மூன்று. அருவிச் சண்டை என்று தட்டியபோது அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு நினைவுக்கே வரவில்லை. இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. போன் உதறிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவன், இடைவேளையிலேயே இரண்டாம் பாதிக்கு எப்படி மார்க் போட்டாய், காசு வாங்கினாயா என்று கேட்டிருந்தான். கேட்டது முழுக்க நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. குனிந்து உட்கார்ந்து பதில் அடித்தேன். அவன் திருப்பி அடித்தான். சுற்றிலும் தண்ணீர்ச் சத்தம், இரும்புச் சத்தம், யார் யாரோ கத்துகிற சத்தம். அவன் வாயை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மன்னன் வெயிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கொம்பு வைத்த ஒருவரும் இல்லை. எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். "பாத்தீங்களா சார்? வந்தாரா?"

"வந்தாருக்கா. நல்லாத் தெரியுறாரு" என்றேன்.

அந்தப் பக்கம் யாரிடமோ, "வந்தாராம்டி, நல்லாத் தெரியுறாராம்" என்று அக்கா சொல்வது கேட்டது.

சனிக்கிழமை நண்பர் கடைக்குப் போனால், கல்யாண வீடு மாதிரி எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். "நாம சொன்னத கேட்டுட்டானுங்கடா! அருவிச் சண்டைய அப்பிடியே தூக்கிட்டானுங்க. பன்னெண்டு நிமிசம். இன்னிக்கி ராத்திரியிலேர்ந்து எல்லா தியேட்டர்லயும் புது காப்பிதான்." சென்னையில் இருக்கும் தயாரிப்பாளர் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் பேச்சைக் கேட்டுக் கத்தரியை எடுத்ததாக அவர் உண்மையிலேயே நம்பினார். அப்போதே அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். திதி வேலையில் இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல மனிதர்களுக்குச் சாக்குக் கிடைப்பது அவ்வளவு சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை திதிச் சாப்பாட்டுக்குப் போனேன். அக்கா கூப்பிட்டிருந்தார். சாமைச் சோறும் குழம்பும் போட்டார்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர் என்று எனக்கு மட்டும் நாற்காலி. எப்படி விழுந்தார், கொம்பு எப்படி இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் பார்க்காத கொம்பை வர்ணித்தேன். பார்க்காத பாறையிலிருந்து அவரைத் தள்ளிவிட்டேன். ஈட்டி எந்தப் பக்கம் பாய்ந்தது என்றுகூடச் சொன்னேன். அக்கா எனக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினார். காட்சியை எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல அன்று முழுக்க நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. எங்காவது ஒரு ஓரத்தில் மிச்சம் வைத்திருப்பார்கள் என்று வேண்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பிக்கப் வண்டி நிறைய உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு அக்கா கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார். நான் மேலே வகுப்பில் இருந்தேன். காட்சி முடியும் நேரம் வரைக்கும் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. போன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தார். சமையல் கூடத்தில் முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டு நாள் தூங்காத மாதிரி முகம் வீங்கியிருந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், எந்த எடத்துல வந்தாரு? நா கண்ணு கொட்டாம பாத்துக்கினு இருந்தேன் சார். இன்டர்வெல்லுக்குகூட எழுந்து போவல. எல்லாரையும் கேட்டுட்டேன், யாருக்கும் தெரியல. மத்தவங்களுக்கு தெரியாம போனா போவுது. எனக்குமா?" ஒரு எட்டு என் பக்கம் வந்தார். "நீங்க நல்லாத் தெரியுறாருன்னீங்க. அப்ப எனக்குத்தான் அவரு மூஞ்சி மறந்துபோச்சா சார்? ஒரு வருசத்துலயா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இல்லக்கா, உங்களுக்கு மறக்கல. அந்தச் சண்டையையே எடுத்துட்டாங்க. சனிக்கிழமையே எடுத்துட்டாங்க. எனக்குத் தெரியும்" என்றேன். படம் ஓடிடியில், போனில் வரும்போது ஒருவேளை முழுசாக வரும் என்றும் சொன்னேன். பிறகு வந்தது. வெட்டின படம்தான் வந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதை அவர் பிடித்துக்கொள்ளவே இல்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப நா மறக்கல" என்றார். ஒரு முட்டையைக் கையில் எடுத்து, உரிக்காமல் வைத்துக்கொண்டு, "போவுது வுடுங்க. நீங்கதான் மொத நாளே பாத்துட்டீங்களே சார். அன்னிக்கி கூட்டத்துல சரியா கேக்கல. எனக்கு தனியா சொல்லுங்க. எப்பிடி கத்துனாரு?" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் சொன்னவனுக்கு இன்னொரு தடவை சொல்வது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்தக் குரலை இட்டுக்கட்ட எனக்கு வாய் வரவில்லை.

"நான் பாக்கலக்கா. அவரு வந்தப்ப குனிஞ்சு போன் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு சொன்னதெல்லாம் பொய்."

அக்கா என்னையே பார்த்தார். கோபம் வருவதற்கு முன்னால் வருகிற குழப்பம்தான் அந்த முகத்தில் இருந்தது.

"பொழுது விடியறதுக்குள்ள போயி, லீவு போட்டுட்டுப் போயி, மொத ஆளா குந்திக்கினு," என்றார், "இன்னாதான் சார் பாத்தீங்க?"