டியூப்லைட்டுக்கு ஒரு பெட்ரூம்

ஃப்யூஸ் போன டியூப்லைட்டை எங்கே போடுவது?

கேள்வி இவ்வளவுதான். படித்தவள், கூகுள் தெரிந்தவள், மயிலாப்பூரின் நட்டநடுவில் குடியிருப்பவள்... எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் சமையலறை டியூப் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அணைந்துபோனது. எலக்ட்ரீஷியன் எல்.இ.டி. மாட்டினார், பழையதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போய்விட்டார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? போனை எடுத்துப் படித்தேன். உள்ளே பாதரசமாம். உடைந்தால் ஆவியாகுமாம். குழந்தைகளுக்கு ஆகவே ஆகாதாம். சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. என் மகள் மித்ராவுக்கு மூன்று வயது. கையில் கிடைப்பதையெல்லாம் தரையில் தட்டிப் பார்க்கிற வயது!

மறுநாள் குப்பை வண்டி வந்ததும், டியூபைப் பச்சைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெருவுக்கு வரும் செல்வி அதை வாங்கிக் கீழே போட்டு, மிதித்து உடைக்கக் காலைத் தூக்கினார்.

"ஐயோ, உடைக்காதீங்க!"

"ஒடைக்காட்டி வண்டில எப்டிம்மா நிக்கும்?"

"உள்ள விஷம் இருக்குங்க."

"தோடா! அப்ப இவ்ளோ நாளும் விஷத்துக்குக் கீயவா சோறாக்கிக்கினு இருந்த?"

டியூபைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

இதையெல்லாம் எடுத்துச் சுத்திகரிக்கிற கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன்.

"எத்தனை டன் மேடம்?"

"ஒண்ணு."

"ஒரு டன்னா?"

"ஒரு டியூப்."

"ஒரு அம்பதாவது சேருங்க மேடம். அப்பதான் வண்டி வரும்."

சேர்க்கக் கிளம்பினேன். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பாதரசத்தின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக விளக்கி, 'பழைய டியூப் இருந்தால் எங்கள் வீட்டில் கொடுங்கள்' என்று முடித்தேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் அந்த குரூப்பில் ஒருவர்கூடக் கட்டைவிரல் காட்டியதில்லை. அன்று காலிங்பெல் ஓயவில்லை.

மேல்வீட்டு மாமி ஒரு கட்டாகவே கொண்டுவந்தார். "நீ சேக்கறேன்னியே, ஆழ்வார்பேட்டைல எங்க ஓர்ப்படியாத்துலேர்ந்தும் வாங்கிண்டு வந்துட்டேன். வெஷம்னு தெரிஞ்சப்புறம் ஆத்துல வெச்சுக்க முடியுமோ, சொல்லு?"

அவர் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. என் வீட்டில் முடியும்.

ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கே வைப்பது? ஹாலில் மித்ரா ஓடுவாள். சமையலறையில் அடுப்பு. சாவி போட்டுப் பூட்டக்கூடிய ஒரே அறை, மித்ராவின் அறைதான். அவள் கட்டிலை ஹாலுக்குத் தள்ளினேன். ஆக, குழந்தையைக் காப்பாற்றப் புறப்பட்டவள், குழந்தையின் அறையையே டியூப்லைட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்! சின்னச் சத்தம் கேட்டாலும் மித்ராவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறேன். போன வாரம் ஓடியது எங்கள் வீட்டுக் குக்கர் விசிலுக்கு.

மறுபடி கம்பெனிக்குப் போன்.

"ரேட் இருக்கு மேடம். ஒரு டியூபுக்கு இவ்ளோன்னு. வண்டி வாடகை தனி."

"அதை எங்களுக்கு எப்பத் தருவீங்க?"

"இல்ல மேடம்... நீங்க எங்களுக்குத் தரணும்."

செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று குரூப்பில் கேட்டேன். எல்லோரும் படித்தார்கள். நீல டிக் சொன்னது. கீழ்வீட்டு அங்கிள் மட்டும் எழுதினார்: 'பழைய பேப்பர்க்காரன் நமக்குக் காசு கொடுத்துவிட்டு எடுத்துப்போகிறான். நாம் குப்பையையும் கொடுத்து, காசும் கொடுக்கணுமா? உன்னை நல்லா ஏமாத்தறான்மா!' அதற்குக் கைதட்டல் குவிந்தது.

அங்கிளைத் திட்டவும் முடியவில்லை. பேப்பர், பால் கவர், உடைந்த பிளாஸ்டிக் குடம்... எதுவானாலும் தராசோடு ஒருவர் வாசலுக்கு வருகிற ஊர் இது. விலை போகாத குப்பையைக் காசு கொடுத்து அனுப்பி நமக்கெல்லாம் பழக்கமே இல்லையே?

"பேசாம தெருமுனைத் தொட்டி ஓரமா சாத்திட்டு வந்துடலாம்ப்பா" என்றார் கணவர். சாத்தலாம். அதை எடுக்கப்போவது யார்? செல்வி. ஒரு கையில் மட்டும் உறை, இன்னொன்று வெறுங்கை. காலைத் தூக்குவார். ஒரு முறை இல்லை, ஐம்பது முறை. தடுக்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

மொத்தப் பணத்தையும் நானே கட்டிவிடலாமா? கட்டினால், இனி எரியாமல் போகிற ஒவ்வொரு டியூபும் என் வாசலுக்குத்தான் வரும். திருப்பிக் கொடுக்கலாமா? யாருடையது எது என்று யாருக்குத் தெரியும்? நேற்று மித்ரா, பூட்டிய கதவைக் காட்டிக் கேட்கிறாள்: "அம்மா, டியூபெல்லாம் எப்போ ஊருக்குப் போகும்?"

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். யோசனை மட்டும் அனுப்புங்கள்... டியூப் வேண்டாம்.