பசுவோடு போன கயிறு

தல்லாகுளத்து டவுன் வீட்டைக் காலி செய்து பேரையூர்ப் பக்கம் இந்த மானாவாரிக் காட்டுக்கு வந்தபோது, உப்பும் தீப்பெட்டியும் தவிர எதையும் கடையில் வாங்கப் போவதில்லை என்று தம்பட்டம் அடித்தவன் நான்தான். என் மனைவி அப்படியெல்லாம் பேசவில்லை. வேலியோரக் கற்றாழையில் நாரெடுத்து, பசுவுக்குக் கயிறு திரித்தாள். கடைக்கயிறு கெட்டது போ என்று வருகிறவர்களிடமெல்லாம் அதை இழுத்துக் காட்டியதும் நான்தான்.

மழை ஏமாற்றியது. போர்வெல் குழாயில் காற்றுதான் வந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, கோழிகளை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோனது. ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டோம். மிஞ்சிய பசுவுக்குத் திருமங்கலத்திலிருந்து வைக்கோல் வாங்கினோம், பிறகு டேங்கர் தண்ணீரும் வாங்கினோம். எதையும் வாங்காமல் வாழ வந்த லட்சணம் இது. விலா எலும்பு தெரிய அது என்னைப் பார்க்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

கடைசியில் அதை விற்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வருவார். பழைய கயிறு தொழுவத்தில் தொங்கினால் இன்னொரு மாடு வரும் என்று நம்பிக்கை. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை பெய்தால் ஒரு கிடேரி பிடித்துவிடலாம். திரும்பிப் போகலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

வாங்க வந்த பெரியவர், கிணற்றில் தண்ணீர் உள்ள தோட்டக்காரர். தன் கயிற்றைப் பசுவின் கழுத்தில் கட்டிவிட்டு, எங்கள் கயிற்றை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே கொண்டு போங்கய்யா" என்றாள்.

"அது எப்படி ஆத்தா? கயித்தக் குடுத்தா தொழுவம் வெறுமையாப் போயிருமே. உள்ள மாட்டி வையி."

"இம்புட்டு நாளு அதுக பட்டது போதும்யா. இனி ஒரு உசுரு இங்க வந்து காய வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். கயிற்றை வாங்காதீர்கள் என்று சொல்ல நாக்குத் துடித்தது. எந்த முகத்தோடு சொல்வது? தலையை ஆட்டினேன். அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பசுவை வண்டியில் ஏற்றினார்.

வண்டி திரும்பும்போது பசு கத்தியது. அவள் நிமிரவில்லை. பசு குடித்தது போகத் தொட்டியில் கிடந்த டேங்கர் தண்ணீரை மொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்பக் கெளம்பலாம்?" என்று கேட்டதும் நான்தான்.